குதிரை ஏறுபவர்கள் எல்லாம் ஒரே ரகமா? வீக்கெண்ட் சவாரிக்கும் பண்ணைச் சவாரிக்கும் என்ன வித்தியாசம்?

அதிகாலை. மாரிக்குப்பத்தில் கிளம்பிய ரயில் சாம்பியன், உரிகம் தாண்டி கோரமண்டல் ஸ்டேஷனில் நிற்கிறது. நீங்கள் கோலார் தங்கவயல்காரர் என்றால் இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். பங்காருபேட்டை வந்து, அங்கிருந்து பெங்களூரு போய், ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும். இந்தப் பயணத்தில் போனைத் திறந்தால், கூட வேலை செய்பவரின் ஸ்டேட்டஸ்: தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ், கீழே பளபளவென்று ஒரு குதிரை. பெங்களூருவைச் சுற்றியுள்ள ரைடிங் ஸ்கூல்களில் வீக்கெண்ட் வகுப்புக்குச் சேரும் ஐடி ஊழியர்கள் இப்போது நிறைய.

அதே போனில் அடுத்த வீடியோ: புழுதி பறக்க, நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே ஆள் குதிரையில் ஓட்டிக்கொண்டு போகிறார். ஹெல்மெட் இல்லை. ஒரு கையில் கடிவாள வார், இன்னொரு கையில் கயிறு.

இரண்டு பேரும் குதிரை ஏறத் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் குதிரையில் இன்னொருவரை உட்கார வைத்தால் இருவருமே திணறிப்போவார்கள். ஏன்? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இரண்டு கோரமண்டல்கள்

முதலில் ஒரு சின்ன ஆச்சரியம். உங்கள் கோரமண்டல் போலவே நியூசிலாந்திலும் ஒரு கோரமண்டல் இருக்கிறது. 1820-ல் அங்கே மரம் ஏற்ற வந்த பிரிட்டிஷ் கப்பலின் பெயர் கோரமண்டல். அந்தக் கப்பலுக்குப் பெயர் வந்தது நம் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து. 1852-ல் அந்த ஊரிலும் தங்கம் கிடைத்தது. கோலாரில் தங்கம் தேட 1870-களில் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கிய மைக்கேல் லாவெல், நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூருவில் குடியேறிய முன்னாள் சிப்பாய்.

பெயரும் தங்கமும் ஒன்றாக இருந்தாலும், குதிரை விஷயத்தில் இரண்டு நாடுகளும் வேறு வேறு திசையில் போயின. நியூசிலாந்தின் பெரிய ஆட்டு, மாட்டுப் பண்ணைகளில் குதிரை என்பது வேலைக்கருவி. மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் மந்தையைத் திரட்டிக் கீழே கொண்டுவர, நாய்களோடு குதிரையில் போவார்கள். கோலார் பக்கமோ உழவு, வண்டி, கமலை எல்லாமே மாட்டை நம்பித்தான். இங்கே குதிரை என்றால் அது அதிகாரியின் வாகனம், இல்லையென்றால் ஜட்கா வண்டி.

யார் பொழுதுபோக்குச் சவாரிக்காரர், யார் பண்ணைச் சவாரிக்காரர்?

வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும், சுலபமாகப் புரிந்துவிடும்.

வீக்கெண்டில் கற்றுக்கொள்பவருக்கு சவாரிதான் வேலை. முதுகு நேராக இருக்கிறதா, குதிகால் கீழே இருக்கிறதா, குதிரையின் நடையோடு உடம்பு ஒத்துப்போகிறதா என்று 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ கவனம் முழுக்க சவாரியிலேயே இருக்கும். முடிந்ததும் குதிரையைப் பராமரிப்பாளர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பண்ணைச் சவாரிக்காரருக்கு வேலை வெளியே இருக்கிறது. பிரிந்து ஓடும் கன்று, உடைந்த வேலி, நொண்டும் மாடு. குதிரை அவரை அங்கே கொண்டுசேர்க்கும் வாகனம், கூடவே உதவியாளும்கூட. நீங்கள் பைக் ஓட்டும்போது கிளட்ச்சைப் பற்றி யோசிப்பீர்களா? அப்படித்தான் அவரும். சவாரியைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தால் மாடு தப்பிவிடும்.

அமெரிக்காவில் கௌபாய், மெக்சிகோவில் வாக்கேரோ, அர்ஜென்டினாவில் கௌச்சோ, பிரான்சின் கமார்க் சதுப்பு நிலத்தில் கார்டியான், ஆஸ்திரேலியாவில் ஸ்டாக்மேன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். வேலை ஒன்றுதான்.

நமக்கு கௌபாய் என்றால் 1970-களின் ஜெய்சங்கர் படங்கள், லயன்-முத்து காமிக்ஸின் டெக்ஸ் வில்லர், 2010-ல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்'. இவற்றில் துப்பாக்கி நிறைய பார்த்திருப்பீர்கள். மாடு எத்தனை பார்த்தீர்கள்? கௌபாய் என்ற சொல்லை நேராகத் தமிழில் சொன்னால் மாடு மேய்ப்பவர், அவ்வளவுதான். 'நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று திட்டு வாங்கி வளர்ந்த நாம்தான், அதே வேலையைச் செய்பவரின் தொப்பியைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

உட்காருவதிலேயே வித்தியாசம்

ரைடிங் ஸ்கூலில் உங்களுக்குத் தருவது பெரும்பாலும் இங்கிலீஷ் சேணம். சிறியது, எடை குறைவு. குதிரையின் முதுகு அசைவதை உங்கள் உடம்பு நேரடியாக உணரும்படி அமைந்தது. தாண்டிக் குதிக்க இது வசதி. கடிவாள வாரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். குதிரையின் வாயோடு மெல்லிய தொடர்பு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

பண்ணைச் சேணம் நாற்காலி மாதிரி. கனமானது, அகலமானது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரின் எடை குதிரை முதுகில் ஒரே இடத்தில் அழுந்தாமல் பரவ வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்கச் சேணத்தில் முன்னால் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது பிடித்துக்கொள்ள வைத்தது என்று நினைக்காதீர்கள். மாட்டின் கழுத்தில் வீசிய கயிற்றின் மறுமுனையைச் சுற்றிக் கட்டுவதற்கானது. அங்கவடி நீளமாகத் தொங்கும், கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும். முழங்காலை மடக்கி எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும்.

கடிவாள வார் ஒரு கையில்தான், அதுவும் தளர்வாக. இன்னொரு கை கயிற்றுக்கோ கோலுக்கோ வேண்டும். அதனால் குதிரைக்கு வாயைப் பிடித்து இழுத்துச் சொல்வதில்லை. வார் கழுத்தில் ஒரு பக்கம் உரசினால் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும் என்று பழக்கியிருப்பார்கள்.

இங்கேதான் அந்தத் திணறல் வருகிறது. இங்கிலீஷ் பாணியில் கற்ற நீங்கள் பண்ணைக் குதிரையில் ஏறி இரண்டு கையாலும் வாரை இறுக்கிப் பிடித்தால், அது 'நில்லு' என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடலாம், அல்லது தலையை உதறும். பண்ணைக்காரர் உங்கள் ஸ்கூல் குதிரையில் ஏறி வாரைத் தளரவிட்டால், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று தோன்றும். தப்பு யார் மேலும் இல்லை. இரண்டும் வேறு வேறு மொழி.

குதிரைக்கு யார் யோசிப்பது?

பழக்கப்பட்ட மாட்டுப்பண்ணைக் குதிரை, மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரிக்கும்போது மாட்டின் அசைவைப் பார்த்துத் தானே வெட்டித் திரும்பும். மேலே இருப்பவர் விழாமல் கூடவே போனால் போதும். கயிற்றில் மாடு சிக்கியதும் சவாரிக்காரர் இறங்கி ஓட, குதிரை கயிற்றை இழுத்துப் பிடித்தபடி தனியாக நிற்கும். யோசிக்கும் பொறுப்பில் பாதி அதற்கு.

ஸ்கூல் குதிரையின் திறமை வேறு. ஒரே நாளில் நான்கைந்து புதியவர்கள் ஏறுவார்கள். ஒருவர் வாரைப் பிடித்துத் தொங்குவார், இன்னொருவர் பயத்தில் இரண்டு காலாலும் இறுக்குவார். அத்தனை தப்பான சமிக்ஞைகளையும் மன்னித்து, நிதானமாக வட்டம் போடுவதுதான் அதன் வேலை. 'சோம்பேறிக் குதிரை' என்று நாம் கிண்டல் செய்வது, உண்மையில் நம் உயிரைக் காப்பாற்றும் பொறுமை.

ஓய்விலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவின் பெரிய மாட்டுப்பண்ணைகளில் ஒவ்வொரு சவாரிக்காரருக்கும் பல குதிரைகள் ஒதுக்கப்பட்டு, மாற்றி மாற்றி ஏறுவார்கள். களைத்த குதிரை இடறினால் வேலை கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்போ எது கடினம்?

பதில், எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பண்ணைச் சவாரிக்காரர் மேடு பள்ளத்தில் நாள் முழுக்கப் போவார். ஆனால் ஒலிம்பிக் மைதானத்தில் குதிரையை அங்குலம் பிசகாமல் பக்கவாட்டில் நடக்க வைக்கும் டிரெஸாஜ் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் ஈவென்டிங் போட்டியில் 23-வது இடம் பிடித்தார். 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெஸாஜ் அணி தங்கம் வென்றது. அதற்குப் பின்னால் இருப்பது பல வருடப் பயிற்சி. பொழுதுபோக்காகத் தொடங்கினால் இவ்வளவு தூரம் போகலாம்.

அந்த ஈவென்டிங்கும் ஒரு காலத்தில் வேலைதான் என்பது சுவாரசியம். ராணுவக் குதிரை அணிவகுப்பில் அடங்குமா, கரடுமுரடான நிலத்தில் ஓடுமா, மறுநாளும் தெம்பாக இருக்குமா என்று சோதிக்கத் தொடங்கியது அது. போலோ, கூடார முளை பிடுங்கும் டென்ட் பெக்கிங் போன்றவையும் போர்வீரர்கள் வளர்த்தவை. மெக்சிகோ பண்ணைத் திறமைகளிலிருந்து பிறந்த சார்ரேரியாவை 2016-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவில் பண்ணை வேலைகளை அப்படியே போட்டியாக்கி 'ஒர்க்கிங் ஈக்விடேஷன்' என்ற விளையாட்டு உருவாகியிருக்கிறது. நேற்று ஒருவர் சம்பளத்துக்குச் செய்ததை இன்று இன்னொருவர் காசு கொடுத்துக் கற்கிறார்.

நம் ஊரில் ஏன் பண்ணைச் சவாரி இல்லை?

குதிரை நமக்குப் புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறக்குமதியானதையும், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பல செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார்.

வெளியிலிருந்து அதிக விலைக்கு வந்த விலங்கு என்பதால் அது அரசனிடமும் படையிடமும் நின்றுவிட்டது. ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண்குதிரை வைத்தோம். செஞ்சி ராஜா தேசிங்குக்குக் கதைப்பாட்டு கட்டினோம். வயலுக்குள் மட்டும் குதிரையை விடவில்லை. சேற்று வயலுக்கு மாடுதான் சரி. நம் மந்தைகளும் ஒரு ஆள் நடந்தே மேய்க்கக்கூடிய அளவு. கோலார் வட்டாரத்தில் ஹள்ளிகார், கொங்கு நாட்டில் காங்கேயம், டெல்டாவில் உம்பளாச்சேரி என்று ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு மாடு இருந்தது. மைசூரில் ஹைதர், திப்பு படைகளின் தளவாடங்களை இழுத்ததும் அம்ருத் மகால் மாடுகள்தான்.

இன்றும் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனால், மாடுகளுக்குப் பக்கத்திலேயே விலை உயர்ந்த மார்வாரி, கத்தியவாரி குதிரைகளைப் பார்க்கலாம். மாட்டை வாங்குபவருக்கு அது உழைப்பு. குதிரையை வாங்குபவருக்கு அது பெரும்பாலும் கௌரவம்.

அப்போ இங்கே குதிரையோடு வேலை செய்தது யார்?

இதுதான் நாம் பெரும்பாலும் கேட்காத கேள்வி.

பிரிட்டிஷ் காலத்து மதராஸ் மாகாணத்தில் துரை ஒருவர் குதிரையில் போனால், கூடவே ஒருவர் நடந்தோ ஓடியோ வருவார். குதிரைக்காரர். வட இந்தியாவில் அவருக்கு சயீஸ் என்று பெயர். கொள்ளு ஊறவைப்பது, உடம்பு தேய்ப்பது, லாயம் கூட்டுவது, குளம்பு பார்ப்பது, துரை இறங்கும் இடத்தில் மூச்சு வாங்க நின்று குதிரையைப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த தமிழர்கள். அதே வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து, அதே சமூகங்களிலிருந்துதான் பெருந்திரளானோர் 1880-களுக்குப் பிறகு ஜான் டெய்லர் கம்பெனியின் தங்கச் சுரங்கங்களில் இறங்கினார்கள். ஒருவேளை உங்கள் கொள்ளுத் தாத்தாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

மற்ற நாடுகளில் பண்ணைச் சவாரிக்காரர் வேலையும் செய்தார், குதிரை மேலும் உட்கார்ந்தார். இங்கே அது இரண்டாகப் பிரிந்தது. ஏறியவர் ஒருவர், உழைத்தவர் இன்னொருவர். குதிரையை உள்ளும் புறமும் அறிந்தவருக்கு சேணத்தில் இடம் இல்லை.

அந்தப் பிரிவு இன்னும் போய்விடவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மெரினாவிலும் நீங்கள் ஏறி போட்டோ எடுக்கும்போது கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பவர் யார்? ரைடிங் ஸ்கூலில் விடியுமுன் எழுந்து உங்கள் குதிரைக்குச் சேணம் கட்டி வைப்பவர் யார்? நம் ஊரின் உண்மையான குதிரைத் தொழிலாளி அவர்தான். உங்கள் போட்டோவில் அவர் பெரும்பாலும் பாதி கையாக மட்டும் தெரிவார்.

வேலை போனால் குதிரைக்கு என்ன ஆகும்?

சுரங்க ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் புரியும். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, பாறையின் சத்தத்தை வைத்தே ஆபத்தை அறிந்த அனுபவமெல்லாம் ஒரே நாளில் சந்தை மதிப்பை இழந்தது.

பண்ணைக் குதிரைகளுக்கும் அதுதான் நடக்கிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நான்கு சக்கர பைக்கும் ஹெலிகாப்டரும் மந்தை ஓட்ட வந்துவிட்டன. நம் நாட்டில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019-ல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்தது. ஏழே வருடத்தில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போயிருக்கிறது.

வேலையும் இல்லை, உரிமையாளரும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் நெடுந்தீவு ஒரு உதாரணம். போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அங்கே மட்டக்குதிரைகளாகத் திரிகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் வறட்சி வந்தால் தண்ணீருக்குத் தவிக்கின்றன.

அதனால் பொழுதுபோக்குச் சவாரியை மட்டமாகப் பேச முடியாது. பல இடங்களில் குதிரையையும் அதை வளர்ப்பவரின் குடும்பத்தையும் இன்று தாங்கிக்கொண்டிருப்பது உங்கள் வீக்கெண்ட் கட்டணம்தான். அந்தக் காசு சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் பொறுப்பு.

நீங்கள் சவாரி கற்கப் போகிறீர்களா? இதைப் பாருங்கள்

எடை: ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. நீங்கள் 70 கிலோ, சேணம் 8 கிலோ என்றால் குதிரை 390 கிலோவாவது இருக்க வேண்டும். சுற்றுலாத் தலங்களில் நிற்கும் சின்ன மட்டக்குதிரைகள் பல இந்தக் கணக்குக்குள் வராது. குழந்தையை ஏற்றுங்கள், நீங்கள் கூட நடந்து வாருங்கள்.

நேரமும் வெயிலும்: வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி ஒரு விலங்கை நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு இல்லாமல் 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. நீங்கள் போகும் இடம் இந்த அளவுக்காவது குதிரையைப் பார்த்துக்கொள்கிறதா என்று கேளுங்கள்.

பாதுகாப்பு: பண்ணைக்காரர் தொப்பியோடு போகிறாரே என்று ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். அவருக்கும் விழுந்தால் தலை உடையும்தான். சிறுவயது முதல் விழுந்து விழுந்து பழகியதால் அவருக்கு வாய்ப்பு குறைவு, அவ்வளவே. காலில் சின்னக் குதிகால் உள்ள ஷூ போடுங்கள். கால் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளாது. குதிரை லாய மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் தடுப்பூசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகைப் பாருங்கள்: ஏறுமுன் சேணத்துக்கு அடியில் புண், முடி உதிர்ந்த தழும்பு இருக்கிறதா, குளம்பு விரிந்து உடைந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல இடத்தில் சந்தோஷமாகக் காட்டுவார்கள். முகம் சுளித்தால், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பத்து நிமிடம் முன்னால் போங்கள்: சேணம் கட்டுவது, தேய்த்துவிடுவது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது எல்லாவற்றையும் அந்தப் பராமரிப்பாளரிடமே கற்றுக்கொள்ளுங்கள். குதிரை காதைப் பின்னால் மடித்தால் என்ன அர்த்தம், எந்தப் பக்கம் நின்றால் உதை விழாது என்பதையெல்லாம் வகுப்பைவிட அவரிடம் சீக்கிரம் கற்கலாம். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வயதில் பெரியவர் என்றால் 'அண்ணே' என்று கூப்பிடுவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும்' என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. போட்டோ என்றால் ஓடி வந்து, லாயம் கூட்டுவது என்றால் நகர்ந்துவிடும் சவாரிக்காரருக்கும் அது பொருந்தும். பண்ணைச் சவாரிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. கொள்ளும் அவர்தான் போட வேண்டும், கடிவாளமும் அவர்தான் மாட்ட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பாமல், குதிரையை லாயம் வரைக்கும் நீங்களே நடத்திக்கொண்டு போய்ப் பாருங்கள். ரயிலைப் பிடிக்க இன்னும் நேரம் இருக்கும்.